பாடு எப்படி, மழை எப்படி?

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். வள்ளங்கள் கரையேறும், கூடைகள் இறங்கும், ஏலக்குரல் எழும். கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் விவசாயி ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் போய் நின்றார். மிளகாய்க்கு மீன் அமிலம் தயாரிக்க வேண்டும், அதற்கு மீன் கழிவு வேண்டும். அறுபது கிலோமீட்டர் தூரம்தான், ஒரே மாவட்டம்தான். ஆனாலும் அதற்கு முன் அவர் கடலுக்கு வந்ததெல்லாம் திருச்செந்தூர் கோயிலுக்கு மட்டுமே.

கருவாட்டுக் களத்தில் சாக்குகளோடு உட்கார்ந்திருந்த வயதான பெண்ணிடம் போய், "ஏம்மா, இந்தக் கழிவு கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. விலையைச் சொல்லிவிட்டு, "அந்தா கெடக்கு, அள்ளிக்கிடுங்க" என்றார். அள்ளிக்கொண்டு வந்தார். பாதியை ஊற வைத்தார், மீதியை நாற்றங்கால் பாத்தியில் நேரடியாகப் போட்டார். ஒரு வாரத்தில் நாற்றுகளின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. அது கருவாடு காயவைத்த இடத்தில் கூட்டி அள்ளியது, உப்பு ஏறிய கழிவு. கோழித் தீவனத்துக்காக யாரோ வாங்க வந்திருக்கிறார் என்று அந்தப் பெண் நினைத்திருந்தார். மண்ணில் போடப் போகிறேன் என்று இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த முறை கோவில்பட்டிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் அந்த வியாபாரி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "போனதும் வெலையக் கேக்காதிய. பாடு எப்படின்னு கேளுங்க."

அதே களம், அதே பெண்.

"ஆச்சி, பாடு எப்படி?"

"என்னத்தச் சொல்ல, காத்து சரியில்ல. எங்கயிருந்து வாறிய?"

"கோவில்பட்டிப் பக்கம். வெவசாயம்."

"அங்க மழ உண்டா?"

மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிய பிறகே கழிவு பற்றிய பேச்சு வந்தது. "மண்ணுல போடவா? அப்பம் உப்புப் பட்டதத் தொடாதிய. பச்ச மீன் தலையும் கொடலும் எடுத்து வைக்கேன், வெள்ளன வாங்க" என்றார் ஆச்சி. முதல் நாள் கிடைக்காத அந்தச் செய்திக்கு விலை எதுவும் இல்லை. நான்கு கேள்விகள்தான் செலவு.

வந்தவரை நிறுத்துப் பார்க்கும் கேள்விகள்

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரையில், வேம்பாரிலிருந்து மணப்பாடு, பெரியதாழை வரை, முகமன் என்பது கைகூப்பிச் சொல்லும் ஒரு சொல்லோடு முடிவதில்லை. அது ஒரு வரிசை. முதலில் உறவுச்சொல், பிறகு தொழில், பிறகு ஊர், பிறகு காற்றும் மழையும். பெயர் கடைசியில்தான் வரும். சில நேரம் வராமலே போகும். பல ஆண்டுகள் பழகியவர்கள் "வேம்பார்க்காரர்", "உடன்குடி அண்ணாச்சி" என்றே ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள்.

"பாடு" என்ற சொல் இங்கே கவனிக்க வேண்டியது. மீன்பாடு என்றால் அன்று கிடைத்த மீன். பாடு என்றால் உழைப்பு, துன்பம் என்ற பொருளும் உண்டு. ஆகவே "பாடு எப்படி?" என்று கேட்கும்போது மீன் கிடைத்ததா என்பதும், பட்ட பாட்டுக்குப் பலன் உண்டா என்பதும் சேர்ந்தே கேட்கப்படுகிறது. பதில் பெரும்பாலும் அடக்கமாகத்தான் இருக்கும். நல்ல பாடு என்றாலும் "ஏதோ, பரவாயில்ல" என்பார்கள். களத்து மேட்டில் நெல் குவிந்து கிடக்கும்போது "ஏதோ வெளஞ்சிருக்கு" என்று சொல்லும் விவசாயிக்கு இந்தப் பதிலை விளக்கத் தேவையில்லை.

வந்தவரிடம் பாடு கேட்கலாம். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்கக்கூடாது. தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் வெளியே புறப்படுகிறவரிடம் அப்படிக் கேட்பதைத் தவிர்த்து "தூரமா?" என்பார்கள். கடற்கரையில் அந்த வழக்கத்துக்குக் கனம் அதிகம். புறப்படுகிறவரும் "போறேன்" என்பதில்லை, "வாறேன்" அல்லது "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது தென்கோடிக் கடற்கரையில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்தச் சொல்லை விளையாட்டாகப் பேசும் வீடு இந்தக் கரையில் இல்லை.

அண்ணாச்சி, ஆச்சி, காக்கா

தூத்துக்குடி நகரில் எந்தக் கடையிலும் பொருந்தும் சொல் "அண்ணாச்சி". வயதில் சிறியவரைக்கூட வியாபாரத்தில் மரியாதைக்காக அப்படி அழைப்பதுண்டு. வயதான பெண்களுக்கு "ஆச்சி", நடுவயதுப் பெண்களுக்கு "அக்கா". "ஏல", "வாலே" என்பவை நெருக்கமானவர்களுக்கு உரியவை. சிறு வயதிலிருந்து பழகியவர்கள் சொன்னால் அன்பு, புதிதாக வந்தவர் சொன்னால் சண்டை. வினைச்சொல்லின் முடிவிலும் மரியாதை இருக்கிறது. "வாறியளா", "சாப்ட்டியளா", "இருக்கியளா" என்ற அந்த நீட்டல், மற்ற மாவட்டத்தார் "வர்றீங்களா" என்பதற்குச் சமம். உரையாடலில் அது விடுபட்டால் உடனே தெரிந்துவிடும்.

தொழிலிடத்தில் தொழிற்பெயரே முகமனாகும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் படகுத் தலைவர் சம்மாட்டி. சரக்குத் தோணியை ஓட்டுகிறவர் தண்டல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் தோணிகளில் இன்றும் அந்தச் சொல் உண்டு. விளைபொருள் அனுப்பும் வியாபாரி தோணித்துறையில் தண்டலைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

தெற்கே காயல்பட்டினத்துக்குள் நுழைந்தால் சொற்கள் மாறும். அரபு நாடுகளோடு கடல் வணிகம் செய்து வளர்ந்த ஊர் அது. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்ற முகமனுக்கு "வஅலைக்கும் ஸலாம்" என்பது பதில். "உங்கள்மீது சாந்தி உண்டாகட்டும்" என்பது பொருள். அண்ணனை "காக்கா" என்பார்கள், அக்காளை "லாத்தா", தந்தையை "வாப்பா", தாயை "உம்மா". பல வீடுகளில் "அப்பா" என்றால் தாத்தா. வெளியூர் வியாபாரி ஒருவர் "அப்பா இருக்காங்களா?" என்று கேட்டால், உள்ளே இருந்து எண்பது வயதுப் பெரியவர் எழுந்து வர வாய்ப்பு உண்டு. இங்கே திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது வழக்கம், வீடு மகளுக்குச் சேரும். அதனால் ஒருவருடைய வீட்டை விசாரிக்கும்போது அது அவர் மனைவியின் வீடாகவே பெரும்பாலும் இருக்கும்.

கத்தோலிக்க மீனவ ஊர்களில் குருவானவரைக் கண்டால் "தோத்திரம் சாமி" என்பது பழைய வழக்கம். இப்போது "இயேசுவுக்கே புகழ்", "மரியே வாழ்க" என்றும் சொல்கிறார்கள். மாலைச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் தோத்திரம் சொல்லி, நெற்றியில் சிலுவை அடையாளம் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் சீர்திருத்தத் திருச்சபை ஊர்களிலும் "ஸ்தோத்திரம்" உண்டு. உப்பளம், பனங்காடு, வாழைத்தோட்டம் என்று உள்ளே வரவர "வாங்க, இருக்கியளா?" என்பதே பொதுவான முகமன்.

பெயர் சொல்லும் வரலாறு

கடற்கரையில் ஒருவர் தன் பெயரைச் சொன்னால் ஐந்நூறு ஆண்டு வரலாறும் கூடவே வரும். 1530களின் நடுவில், முத்துக்குளிப்பு உரிமைக்காக நெருக்கடியில் இருந்த பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்ச்சுக்கீசியரின் உதவியை நாடினார்கள், ஆயிரக்கணக்கில் கத்தோலிக்கம் தழுவினார்கள். அப்போது வந்து சேர்ந்தவையே பர்னாந்து, மச்சாது, ரோச், கொரைரா, மோத்தா, மிராந்தா, வாஸ், கோமஸ் போன்ற வீட்டுப்பெயர்கள். அவற்றைச் சொல்கிறவர்கள் போர்ச்சுக்கீசிய வம்சத்தார் அல்லர். பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது. பேச்சும் உறவுமுறையும் கடல் அறிவும் இந்தக் கரையுடையவை.

தூத்துக்குடி நகரசபைத் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து பெயரைச் சொன்னாலே அந்த நகரம் தண்ணீரை நினைத்துக்கொள்ளும். உப்புக் காற்றும் உவர் நீரும் நிறைந்த ஊருக்கு வல்லநாட்டுப் பக்கத்திலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தவர் அவர்.

இன்னொரு பெயர் "பனிமயம்". பனியே விழாத ஊரில் எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலை ஒட்டிப் பிறந்த பெயர் அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை அங்கே திருவிழா. தூத்துக்குடியில் பிறந்த நடிகர் ஜே.பி. சந்திரபாபுவின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளில் "பி" என்பது பனிமயதாஸ்.

வேளாண்மைக்கும் இதே கதை உண்டு. விளாத்திகுளம் கரிசலில் சிவந்து காயும் மிளகாயும், தேரிக்காட்டு முந்திரியும், தோட்டத்துப் பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் காலத்தில் கடல் வழியாக வந்தவை. இன்று எந்த விவசாயியும் மிளகாயை வெளியூர்ப் பயிர் என்று நினைப்பதில்லை. பர்னாந்து என்ற பெயரும் அப்படியே இந்த மண்ணில் வேர் பிடித்துவிட்டது.

அச்சில் ஏறிய வணக்கம்

பாசனத்துக்குப் போக மிஞ்சிய தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். சற்று உள்ளே மார்க்கோ போலோ பார்த்துச் சொன்ன பழைய காயல். அதற்கும் உள்ளே, கடல் பின்வாங்கிவிட்டதால் இன்று வயல் சூழ்ந்து நிற்கும் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது.

1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்தார். கையில் மணியை வைத்து அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார் என்பதை அவருடைய கடிதங்களே சொல்கின்றன. அவருக்குப் பின் வந்த அன்றிக்கே அடிகளார் வேறு வழியில் போனார். தமிழைப் பேசவும் எழுதவும் முறையாகக் கற்றார், போர்ச்சுக்கீசியத்தில் ஒரு தமிழ் இலக்கணமே எழுதினார். முத்துக்குளித்துறை மக்களின் வாய்ப்பேச்சு அதில் இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்தக் கரையிலேயே வாழ்ந்து 1600-இல் மறைந்தார்.

அவர் தமிழாக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறு பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. இன்று மேடையிலும் அலுவலகத்திலும் நாம் சொல்லும் "வணக்கம்" என்ற சொல் அதன் தலைப்பிலேயே நிற்கிறது. ஆனால் அன்று அது மனிதருக்கு மனிதர் சொல்லும் முகமன் அல்ல, இறைவனுக்குச் செலுத்துவது. (1986-இல் அதே அக்டோபர் 20 அன்றுதான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் பிறந்தது. 1997-இல் அது தூத்துக்குடி மாவட்டம் என்று பெயர் மாறியது. வ.உ.சி.யின் பெயர் இன்று துறைமுகத்துக்கு இருக்கிறது.)

கும்பிடுதேன் என்ற காலம்

மனிதருக்கு மனிதர் "வணக்கம்" சொல்வது பரவலானது இருபதாம் நூற்றாண்டில். அதற்கு முன் ஒருவருக்கு ஒருவர் என்ன சொல்லலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. மேலிருப்பவருக்குக் "கும்பிடுதேன் சாமி". கீழே நிறுத்தப்பட்டவருக்குப் பதில் முகமன் கிடையாது, ஒரு தலையசைப்போ "ம்" என்ற ஒலியோதான். துண்டைக் கக்கத்தில் வைக்கவும் செருப்பைக் கையில் எடுக்கவும் கட்டாயப்படுத்திய ஊர்கள் இந்த வட்டாரத்திலும் இருந்தன. சுயமரியாதை இயக்கம் "வணக்கம்" என்ற சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது அது இந்த ஏற்றத்தாழ்வுக்கு எதிராகத்தான் வந்தது. இருபக்கமும் ஒரே சொல், ஒரே கைகூப்பு.

அந்தப் பழைய கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. "எந்த ஊரு?" என்பது நல்ல கேள்வி. "ஊருல எந்தத் தெரு?", "யாரு வகையறா?" என்று அது நீளும்போது கேட்கப்படுவது ஊர் அல்ல, சாதி. கேட்கப்படுகிறவருக்கு அது உடனே புரியும். சாதி மோதலின் காயங்களைப் பார்த்த மாவட்டம் இது. கிராமங்களுக்குப் போகும் அலுவலர்களும் உழவர் குழுக்களும் விதை வியாபாரிகளும் "எந்த ஊரு?" என்பதோடு நிறுத்திக்கொண்டு, "என்ன பயிர்?", "என்ன தொழில்?" என்று கேள்வியைத் திருப்பிவிட வேண்டும். கடற்கரையில் பாடு, கரிசலில் மழை. இரண்டும் எந்தத் தெருக்காரரையும் கேட்கக்கூடிய கேள்விகள்.

2023 டிசம்பர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரை தாண்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பக்கத்து வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் மூழ்கின. உப்பளங்களில் வாரிக் குவித்திருந்த உப்பு கரைந்துபோனது. மீட்புப் படையோடு, படகுகளைக் கொண்டுவந்த மீனவர்களும் தண்ணீரில் இறங்கினார்கள்.

அந்த வாரங்களில் முகமன் மாறியது. "பாடு எப்படி?" இல்லை, "மழ உண்டா?" இல்லை. "தண்ணி வந்துச்சா?", "எத்தன அடி?", "எல்லாரும் இருக்கியளா?" என்பதே எல்லா வாயிலும் இருந்தது. "இருக்கியளா" என்று தினமும் வெறுமனே கேட்ட சொல்லுக்கு அன்று உண்மையான பதில் தேவைப்பட்டது. ஆற்றங்கரை விவசாயியும் கடற்கரை மீனவரும் ஒருவர் தொழிலை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். அதற்கு முன் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் அவர்கள் அப்படிப் பேசியது குறைவு.

கடற்கரைக்குப் போகும் விவசாயிகள் கவனத்துக்கு

- ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் கழிவு குறைவாகவே கிடைக்கும். அந்த நேரத்தில் "பாடு எப்படி?" என்று விசைப்படகுக்காரரிடம் கேட்க வேண்டாம். வலை பின்னுவதையும் படகு வேலையையும் விசாரிக்கலாம்.
- ஞாயிற்றுக்கிழமை மீனவ ஊர்களில் பூசை நாள், கடலுக்குப் போவதில்லை. காயல்பட்டினத்தில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம். இரண்டையும் தவிர்த்துப் போவது நல்லது.
- எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மண்ணுக்கு என்றால் உப்புப் படாத பச்சைக் கழிவு மட்டுமே ஏற்றது. மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடையில் கலந்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் 21 நாளில் மீன் அமிலம் கிடைக்கும்.
- படகு புறப்படும் நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள். கரையேறி, மீன் இறக்கி முடித்த பிறகு பேசலாம்.
- விடைபெறும்போது "வாறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கோவில்பட்டி விவசாயி இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திரேஸ்புரம் போகிறார். போகும்போது கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கும். ஆச்சி அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பச்சைக் கழிவுக்கான விலையில் ஒரு பைசா குறைந்ததில்லை, அவரும் குறைத்துக் கேட்டதில்லை. ஆச்சியின் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது, அவருடைய பெயர் ஆச்சிக்கும் தெரியாது. ஆனால் கரிசலில் இந்த வருடம் ஆவணியில் மழை வந்ததா, மிளகாய் எத்தனை பறிப்பு வந்தது என்பதெல்லாம் திரேஸ்புரத்துக் களத்தில் எல்லாருக்கும் தெரியும்.